நாழியும் மரக்காலும்: பழைய வட்டுகளின் வேகக் கணக்கு

அளவின் பெயரைச் சொல்லாத எண் அரைகுறைச் செய்தியே ஆகும். 'ஐந்து நெல்' என்று எவரும் கூறுவதில்லை. ஐந்து படியா, ஐந்து மரக்காலா, ஐந்து கலமா என்று தெளிந்த பின்னரே பேச்சுத் தொடரும். முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் நெல்லைக் குறிக்குமிடத்து, அது 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது என்பதையும், அம்மரக்கால் 'இராசகேசரி' என்னும் அளவுக்கு ஒப்பானது என்பதையும் சேர்த்தே பொறித்துள்ளன. அலகு மாற்றத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் எழுதி வைத்தனர் நம் முன்னோர். கணிப்பொறியைக் கையாளும் நாமோ அதனை மறந்து ஒரு பேரிழப்புக்கு ஆளானோம்.

விக்கிரவாண்டியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மூதாட்டியர் பாடிய நடவுப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் நம் துறையினர் பல்லாண்டுகள் ஒலிப்பதிவு செய்து, 40 கிகாபைட் கொள்ளும் வன்தட்டு ஒன்றில் நிறைத்து வைத்திருந்தனர். 2008ஆம் ஆண்டில் அத்தட்டு கரகரவென ஓசையெழுப்பத் தொடங்கியது. உடனே படியெடுக்கும் பொறுப்பை நாம் ஏற்றோம். கிடைத்த கணிப்பொறியில் யு.எஸ்.பி. 1.1 வகை இணைப்பே இருந்தது. அதன் வேகம் நொடிக்கு 12 எனக் கண்டு, 40,000 மெகாபைட்டை 12ஆல் வகுத்தோம். ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே விடை வந்தது. காலை ஒன்பது மணிக்கு மின்தடை அறிவிக்கப்பட்டிருந்தமையால் எட்டு மணிக்கு முன்னரே பணியைத் தொடங்கினோம். மின்சாரம் நின்றபோது பத்தில் ஒரு பங்குகூட வந்து சேர்ந்திருக்கவில்லை. மாலையில் மின்சாரம் வந்தது. வன்தட்டு மீண்டும் சுழலவில்லை.

பிழை எங்கே நேர்ந்தது? 12 என்பது மெகாபைட் அன்று, மெகாபிட். எட்டு நாழி கொண்டது ஒரு மரக்கால். அவ்வாறே எட்டு பிட் கொண்டது ஒரு பைட். நாழிக் கணக்கை மரக்கால் கணக்கென்று கொண்டுவிட்டோம். 12ஐ எட்டால் வகுத்தால் நொடிக்கு 1.5 மெகாபைட்டே கிடைக்கும். அவ்வேகத்தில் 40,000 மெகாபைட் வந்து சேர ஏறத்தாழ ஏழரை மணி நேரம் வேண்டும்.

பழைய இணைப்புகள் ஒவ்வொன்றும் தத்தம் மரக்காலைக் கொண்டிருந்தன. அகன்ற பட்டை வடத்தால் வன்தட்டை இணைத்த 'அல்ட்ரா ஏ.டி.ஏ.' முறையில் 33, 66, 100, 133 என வரும் எண்கள் நொடிக்கு இத்தனை மெகாபைட் என்பதையே குறிக்கும். அவற்றை வகுக்க வேண்டியதில்லை. அதன் பின் வந்த 'சாட்டா' முறையின் முதல் வகைக்கு 1.5 கிகாபிட், அஃதாவது 1,500 மெகாபிட் என்று குறித்தனர். இதனை எட்டால் வகுத்தாலும் தவறே. வழியில் பிழை நேராதிருக்க, எட்டு பிட் செய்தி பத்து பிட்டாக உருமாற்றப்பட்டே வடத்தில் செல்கிறது. சாக்கின் எடையைச் சேர்த்து மூட்டையை நிறுப்பது போன்றது இது. எனவே பத்தால் வகுத்தல் வேண்டும். விடை 150 மெகாபைட். 133க்கும் 1,500க்கும் பதினொரு மடங்கு வேறுபாடு என மயங்கியோர் உண்டு. உண்மையில் எட்டில் ஒரு பங்கே மிகுதி.

குறுந்தட்டின் வேகத்தை 'மடங்கு' என எழுதினர். ஒரு மடங்கு நொடிக்கு 1,53,600 பைட். 52 மடங்கு என்றால் ஏறத்தாழ 8 மெகாபைட். அதுவும் தட்டின் வெளி விளிம்பை நெருங்கும்போதே கிட்டும். நெகிழ்வட்டில் அச்சிட்டிருந்த '1.44 மெகாபைட்' மேலும் விந்தையானது. அதன் உண்மைக் கொள்ளளவு 14,74,560 பைட். 1,440ஐ 1,024ஆல் பெருக்கி வந்த தொகை. 'கிலோ' என்பதைச் சிலர் 1,000 என்றும் சிலர் 1,024 என்றும் கொண்டமையால் வந்த குழப்பம் இது. ஊருக்கொரு படி இருந்த குழப்பத்தை நீக்க இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவுகளைக் கொணர்ந்தது போல, 1998ஆம் ஆண்டில் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024க்குக் 'கிபி' என்னும் தனிப்பெயரை வகுத்து, 'கிலோ'வை ஆயிரத்துக்கே உரியதாக்கியது.

ஆகவே ஓர் எண்ணைக் கண்டால் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அது பிட்டா, பைட்டா? வழியில் சேர்க்கப்படும் பிட்டுகள் உண்டா? ஆயிரம் என்பது 1,000ஆ, 1,024ஆ? விடைகளைக் கொண்டு அனைத்தையும் 'நொடிக்கு இத்தனை மெகாபைட்' என்னும் ஒரே அலகுக்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடலாம். அவ்வாறு பெறும் விடையும் உச்ச வரம்பேயன்றி, நடைமுறை வேகம் அன்று. தட்டின் சுழற்சியும் அதன் முதுமையும் அதனைக் குறைக்கும்.

அன்று இவ்வினாக்களை எழுப்பியிருந்தால் வேறு வழி தெரிந்திருக்கும். அவ்வன்தட்டு 100 வகையைச் சார்ந்தது. அதனைக் கணிப்பொறிக்குள்ளேயே பட்டை வடத்தில் பொருத்தியிருந்தால், பாதிக்கும் குறைவான வேகத்தில் இயங்கியிருப்பினும் அரைமணியில் பணி முடிந்திருக்கும். பாடிய மூதாட்டியருள் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்தம் குரல்களை மீண்டும் பதிவு செய்ய வழியுமில்லை.

மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லங்களிலும் பழைய நெகிழ்வட்டுகளும் குறுந்தட்டுகளும் வன்தட்டுகளும் இருக்கக்கூடும். பெரியோரின் குரலும் எழுத்தும் அவற்றுள் உறங்கக்கூடும். காலந்தாழ்த்தாது அவற்றைப் படியெடுங்கள். தொடங்குமுன் எம்மைப் போலன்றி, எந்த மரக்கால் என்று கேட்டுக் கணக்கிடுங்கள்.