கத்தி படும் முன் ஒரு மாத்திரை

தாராவியிலிருந்து சயான் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். லோக்மான்ய திலக் என்ற அதன் முழுப்பெயரைச் சொல்லி வழி கேட்பவர்கள் குறைவு. இப்படியொரு ஆஸ்பத்திரியில் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு படுத்திருப்பவரிடம், நர்ஸ் மாத்திரையும் ஒரு மடக்குத் தண்ணீரும் நீட்டினால் கேள்வி எழத்தானே செய்யும்: “ஒண்ணும் சாப்பிடக்கூடாதுன்னீங்க, இது எதுக்கு சிஸ்டர்?”

எழுந்த பிறகு வரப்போகும் வலிக்கு.

அறுத்த இடத்தில் ப்ராஸ்டாகிளாண்டின் சுரந்து நரம்பு முனைகளை உசுப்பிவிடும். அது நீடித்தால் தண்டுவடமும் கூசத் தொடங்கி, லேசாகத் தொட்டாலே வலிக்கும். 1983-இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளிடம் இதைக் காட்டிய பிறகு, வலி கிளம்பும் முன்பே தடுத்துவிடலாமே என்ற எண்ணம் வலுத்தது.

எந்த மருந்தால்? இந்தக் கேள்வியில் ஒரு பெரிய மோசடியே நடந்தது. செலிகாக்சிப், ப்ரீகாபலின் போன்றவற்றைப் புகழ்ந்து எழுதிய அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஸ்காட் ரூபனின் 21 கட்டுரைகளில் இட்டுக்கட்டிய தரவுகள் இருந்தது 2009-இல் அம்பலமானது. மறு ஆண்டு அவருக்கு 6 மாதச் சிறை. அவரை நம்பி மருந்து எழுதிய மருத்துவர்கள் உலகெங்கும் இருந்தார்கள் என்பதுதான் வேதனை.

பிறகு வந்த கணக்கு தெளிவாகவே இருக்கிறது. ப்ரீகாபலின், அதே வகையைச் சேர்ந்த காபாபென்டின் பற்றிய 281 சோதனைகளை 2020-இல் ஒன்றாக அலசியபோது, நோயாளி உணரும் அளவுக்கு வலி குறையவில்லை. தலைசுற்றலும் பார்வை மங்கலும்தான் கூடின. மூச்சுத் திணறல் வரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2019-இலேயே எச்சரித்திருந்தது. விலை மலிவான பாராசிட்டமாலும், டைக்ளோஃபெனாக், செலிகாக்சிப் வகை வீக்கமடக்கிகளும் சேர்ந்த கூட்டணியே இன்றும் முதல் தேர்வு. (செலிகாக்சிப் தள்ளுபடியாகவில்லை, நேர்மையான ஆய்வுகள் அதைத் தாங்கின.) தையல் இடத்தில் மரத்துப்போகச் செய்யும் ஊசியும் போட்டால் இன்னும் நல்லது.

முன்பே கொடுத்தால்தான் பலிக்குமா? 80 சோதனைகளைப் பார்த்த 2002-ஆம் ஆண்டு அலசல், நேரத்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. கண் விழிக்கும்போது மருந்து உடம்பில் வேலை செய்துகொண்டிருந்தால் போதும்.

மும்பையிலிருந்தே ஒரு வியப்பான செய்தியும் உண்டு. மார்பகப் புற்றுக்கட்டியை அகற்றுமுன் அதைச் சுற்றி லிடோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போட்டால் என்ன ஆகும் என்று, 1,600 பெண்களிடம் பரேல் டாடா நினைவு மருத்துவமனை தலைமையில் ஆய்வு நடந்தது. ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தவர்கள் ஊசி போடாத குழுவில் 86.4 சதவீதம், போட்ட குழுவில் 90.1 சதவீதம். அங்கே அளந்தது வலியை அல்ல, ஆயுளை.

வீக்கமடக்கிகள் எல்லாருக்கும் ஒத்துவராது. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய் இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விடியுமுன் இட்லி அவிக்க எழும் தாராவி அம்மா, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் மூட்டுவலி மாத்திரையின் அட்டையையும் கையோடு எடுத்துப்போகட்டும். பெரும்பாலும் அதுவும் இதே வகைதான்.