கொடிமலை ஏறும் இரயில்

படுக்கையும் சிறிய சமையலிடமும் கொண்ட கேம்பர்வேனில் குடும்பத்தோடு ஊர்சுற்றும் பழக்கத்தை இன்று நம் நாட்டிலும் காண முடிகிறது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து புறப்படும் இத்தகைய வண்டி, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் ஓடி, 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தைக் கடந்து ஆயர் ஈத்தாமை அடைகிறது. அங்கே, கொடிமலையின் அடிவாரத்தில், அதன் பயணம் நின்றுவிடுகிறது. மலைக்குச் செல்லும் ஜீப் சாலை குறுகலானது, செங்குத்தானது. அனுமதி பெற்ற வாகனங்கள் மட்டுமே அதில் செல்லலாம். மற்றவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு இரயிலில் ஏறலாம். கேம்பர்வேன் உயரமானது என்பதால், கூரையுள்ள வாகன நிறுத்துமிடத்தின் உயர வரம்பை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

சமதரையில் விரைந்தோடும் இரயில், செங்குத்தான மலையில் ஏற இயலாது. இரயிலின் சக்கரமும் தண்டவாளமும் வழவழப்பான எஃகினால் ஆனவை. அவற்றுக்கிடையே உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் சமதரையில் குறைந்த ஆற்றலைக் கொண்டே பெருஞ்சுமையை இழுக்க முடிகிறது. சரிவு மிகுந்தாலோ அதே வழவழப்பு தடையாகிறது. சக்கரங்கள் வழுக்கிச் சுழலத் தொடங்கும்.

இத்தடையை வெல்லப் பொறியியலாளர்கள் இரு வழிகளைக் கண்டனர். முதலாவது, பற்சக்கர முறை. தமிழ்நாட்டின் நீலகிரி மலை இரயில் இதற்குச் சிறந்த சான்றாகும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1908ஆம் ஆண்டில் உதகமண்டலத்தை எட்டியது. கல்லாறு, குன்னூர் நிலையங்களுக்கு இடையே, தண்டவாளங்களின் நடுவில் பற்கள் கொண்ட இரும்புச் சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. இயந்திரத்தின் பற்சக்கரம் அவற்றைப் பற்றிப் பற்றி மேலேறுகிறது. 46 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

இரண்டாவது, கம்பிவட முறை. கொடிமலை இரயில் இவ்வகையைச் சார்ந்தது. இங்குச் சில இடங்களில் இரண்டு மீட்டர் முன்னே செல்வதற்குள் பாதை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்துவிடுகிறது. ஒரே வடத்தின் இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகள் இணைக்கப்பட்டுள்ளன. ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறுகிறது. கிணற்றுக் கப்பியில் இரு வாளிகளைக் கட்டியதைப் போன்றது இது. இறங்கும் பெட்டியின் எடை, ஏறும் பெட்டிக்குத் துணை செய்கிறது. எனவே, இழுவை இயந்திரம் இரண்டிற்கும் இடையிலுள்ள எடை வேறுபாட்டையும் உராய்வையும் ஈடுசெய்தால் போதும். பாதையின் நடுவில் மட்டும் இரட்டைத் தண்டவாளம் உண்டு. அங்கே பெட்டிகள் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன.

இப்பாதை எளிதில் உருவாகிவிடவில்லை. அதற்கு முன்னர், வசதி படைத்தோர் டோலிகளில் அமர, சுமைதூக்குவோர் அவர்களைத் தோளில் சுமந்து மலையேறினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் மேற்கொண்ட முதல் இரயில் முயற்சி தோல்வியடைந்தது. பின்னர் அமைக்கப்பட்ட பாதையே 1923ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அக்காலத்தில் நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்ததால், பயணம் அரை மணி நேரம் நீடித்தது. 2011ஆம் ஆண்டில் பாதை புதுப்பிக்கப்பட்ட பிறகு, பத்து நிமிடங்களுக்குள் உச்சியை அடைய முடிகிறது. ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ 0.6 பாகை வெப்பம் குறைவதால், மேலே இதமான காற்று வரவேற்கிறது.

வேனிலேயே உச்சிக்குச் செல்ல அகன்ற சாலை அமைத்தால் என்ன என்று சிலர் எண்ணலாம். அகன்ற சாலைக்கு மலைச்சரிவை வெட்ட வேண்டும். மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் மரங்களை அகற்ற வேண்டும். 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பெய்த பெருமழையின்போது பினாங்கில் பல இடங்களில் நிலச்சரிவு ஏற்பட்டது. மலைமண் எவ்வளவு நொய்ம்மையானது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. 2021ஆம் ஆண்டில் கொடிமலைப் பகுதியை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. குறுகிய இரயில் பாதையோ, சிறிதளவு நிலத்தை மட்டுமே பயன்படுத்திப் பெருந்திரளான மக்களை ஏற்றிச் செல்கிறது.

நெடுஞ்சாலைக்கு வேன் ஏற்றது. மலைக்கு இரயில் ஏற்றது. இடத்திற்கேற்ற ஊர்தியைத் தேர்ந்தெடுக்கும் பயணியே, மலையின் அழகை அடுத்த தலைமுறைக்கும் விட்டுவைக்கிறார்.