கிட்டூய் மணலில் ஊறும் தண்ணீர்

கென்யத் தலைநகர் நைரோபிக்குக் கிழக்கே இருக்கும் கிட்டூய் மாவட்டத்தில் ஆறு என்றால் பெரும்பாலும் மணல்தான். மழை கொட்டினால் சில மணி நேரம் செந்நீர் புரண்டோடும். பிறகு கால் நனையாமல் கடந்துவிடலாம். சுமார் 30,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2019 கணக்கெடுப்பின்படி 11 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். பெரும்பாலோர் கம்பா இனத்தவர். வற்றாத ஆறுகளான தானாவும் அத்தியும் எல்லையோரமாகவே போய்விடுகின்றன.

மார்ச் முதல் மே வரை நெடுமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுமழை. பெயரில் நீளம் இருந்தாலும் நெடுமழையை நம்ப முடியாது. பாசிப்பயறும் துவரையும் மக்காச்சோளமும் குறுமழையை நம்பித்தான் மண்ணுக்குள் போகின்றன.

மற்ற மாதங்களில் ஊற்றுதான். காய்ந்த ஆற்றில் ஒரு பெண் குனிந்து கையால் மணலை அள்ளுகிறாள். முழங்கை ஆழத்தில் மணல் கறுத்து ஈரமாகிறது. இன்னும் தோண்டினால் அடியில் கலங்கல் நீர் கசிகிறது. அது தெளியும்வரை காத்திருந்து, குடுவையால் மொண்டு மொண்டு 20 லிட்டர் மஞ்சள் கேனை நிரப்ப வேண்டும். கழுதை பக்கத்திலேயே நிற்கிறது. ஆடுமாடு இறங்காதபடி ஊற்றைச் சுற்றி முள் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊற்றைப் பெரிதாக்கியதுதான் மணல் அணை. அடிப்பாறை மேலே வந்திருக்கும் இடமாகப் பார்த்து, ஆற்றின் குறுக்கே கல்லும் சிமெண்டும் வைத்துச் சுவர் எழுப்புகிறார்கள். வெள்ளத்தில் வரும் பருமணல் சுவருக்குப் பின்னால் தங்கிவிடும். நுண்ணிய வண்டல் சுவரைத் தாண்டிப் போய்விடும். நம் ஏரிகளில் மண் சேர்ந்தால் தூர்வாரச் சொல்லிப் போராடுகிறோம். இங்கே மண் சேர்வதற்காகவே அணை கட்டுகிறார்கள்!

காரணம் வெயில். திறந்து கிடக்கும் நீரில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆவியாகிவிடும். மணலுக்குள் முக்கால் மீட்டர் இறங்கிய நீரை அந்த வெயில் அநேகமாகத் தொடுவதில்லை. கொசு முட்டையிடவும் அங்கே வழியில்லை. ஒரு கன மீட்டர் பருமணலின் இடுக்குகளில் சுமார் 300 லிட்டர் நிற்கும். கரைகளுக்குள்ளும் ஈரம் பரவுவதால் ஓரத்தில் கீரையும் தக்காளியும் போடுகிறார்கள்.

சாசோல் என்ற தொண்டு நிறுவனம் 1990களிலிருந்து ஊர்மக்களோடு சேர்ந்து கட்டிய மணல் அணைகள் மட்டும் 500-க்கு மேல். 'ம்வேத்யா' என்பது கம்பா மக்களின் பழைய கூட்டுவேலை வழக்கம். அந்த முறையில்தான் ஊரார் கல் சுமந்து, மணல் சுமந்து, சுவரை எழுப்பினார்கள். அந்த உழைப்புக்குப் பெரும் பகை மணல் லாரி. நகரக் கட்டடங்களுக்கு ஆற்றுமணல் போய்க்கொண்டே இருக்கிறது. பக்கத்து மாவட்டமான மக்குவேனி இதைக் கட்டுப்படுத்த 2015-இல் தனிச் சட்டமே இயற்றியது. பத்து கன மீட்டர் மணலோடு ஒரு லாரி கிளம்பினால், மூவாயிரம் லிட்டர் தங்கும் இடம் ஆற்றைவிட்டுப் போகிறது. கழுதை சுமக்கும் மஞ்சள் கேன் கணக்கில் அது 150 கேன்.