உங்களுக்குத் தெரியுமா? பம்பாயிலிருந்து கிளம்பிய பியானோ

பர்வேஸ் மோடி பம்பாயில் பிறந்தவர். மாஸ்கோவின் சாய்கோவ்ஸ்கி இசைக் கல்லூரியில் படித்தார், பிறகு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேக்குப் போனார். தோரோஃபோன் என்ற ஜெர்மன் நிறுவனத்துக்காக இவர் எடுத்துக்கொண்ட வேலை, ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் தனிப் பியானோ படைப்புகளைச் சிடி சிடியாகப் பதிவது. ஸ்க்ரியாபின் என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது ஓர் 'எட்யூட்' (பயிற்சித் துண்டு). பியானோ கலைஞர் ஹொரோவிட்ஸ் கச்சேரி முடிவில் வாசித்து வாசித்துப் பிரபலமாக்கிய உருப்படி அது. அதையும் இன்னும் நாலைந்தையும் பதிந்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களே அதிகம். மோடியின் வரிசையில் அந்தப் பிரபலங்களுக்குப் பக்கத்திலேயே, மேடையில் அபூர்வமாகக் காதில் விழும் குட்டிக் குட்டி 'பிரிலூட்'களும் இருக்கின்றன. கேட்டவற்றைத் திரும்பக் கேட்க நூறு ஆல்பங்கள் உண்டு. கேட்காததற்காகத்தான் புது ஆல்பம் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

★

மாணவனாக இருந்தபோது ஸ்க்ரியாபின் அளவுக்கு மீறிச் சாதகம் செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டார். கை தேறுமா என்ற கவலையில் இருந்தவர், 1894-ல் இடது கைக்கு மட்டுமே ஒரு பிரிலூடும் ஒரு நாக்டர்னும் (இரவு இசை) எழுதினார். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு கை வாசிக்கிறது என்றே சத்தியம் செய்வீர்கள். சூட்சுமம் கட்டைவிரலில் இருக்கிறது. இடது கையை பியானோ மீது வைத்துப் பாருங்கள்: கட்டைவிரல் வலது ஓரத்தில், மேல் ஸ்தாயிப் பக்கம் வந்து நிற்கும். அதற்கு மெட்டு. மற்ற நான்கு விரல்களும் கீழே பாய்ந்து மந்தர ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு, அது அடங்குவதற்குள் மேலே ஓடிவர வேண்டும். அந்த இடைவெளியைக் கால் பெடல் தாங்கிக்கொள்ளும்.

★

இதே ஸ்க்ரியாபினுக்கு பிரம்மஞான சபை மீது பெரும் ஈடுபாடு. பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூல்களை ஆழ்ந்து படித்தவர். அந்த அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1879-ல் இந்தியாவில் முதலில் வந்து இறங்கியது பம்பாயில். சபையின் தலைமையகமும் அங்கேதான் இருந்தது. 1882-ல்தான் சென்னை அடையாற்றில் தோட்டம் வாங்கினார்கள். இமயமலை அடிவாரத்தில் ஏழு நாள் நடக்கும்படி இசை, நடனம், வாசனை, ஒளி எல்லாம் சேர்ந்த ஒரு மாபெரும் படைப்புக்கு ஸ்க்ரியாபின் திட்டம் போட்டார். உதட்டில் வந்த ஒரு கொப்புளம் புரையோடி, 1915-ல் 43 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தியாவைப் பார்க்கவே இல்லை.

★

பம்பாய்த் தொடர்புள்ள இன்னொருவர் கதை இதைவிட விசித்திரம். கைகோஸ்ரூ ஷாபூர்ஜி சொராப்ஜி, 1892-ல் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை பம்பாய்ப் பார்சி, சிவில் இன்ஜினியர், தாய் ஆங்கிலேயர். சொராப்ஜி எழுதிய 'ஓபஸ் கிளாவிசெம்பலிஸ்டிகம்' என்ற தனிப் பியானோ படைப்பை வாசித்து முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தக் காலத்து முழுநீளக் கச்சேரி அளவு. ஆனால் இதில் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போய்க் காபி குடிக்க வழியில்லை. 1930 டிசம்பர் 1-ஆம் தேதி கிளாஸ்கோவில் அவரே அதை அரங்கேற்றினார்.

பிறகு, அரைகுறையாக வாசிப்பவர்கள் கையில் தன் இசை சிக்குவதைச் சகிக்காமல், அனுமதியில்லாமல் யாரும் பொதுமேடையில் வாசிக்கக் கூடாது என்றார். 1976 வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அந்தப் பிடிவாதம் நீடித்தது. தடை தளர்ந்த பிறகு பதிவுகள் வரத் தொடங்கின. 1940-களில் அவர் எழுதிய 100 எட்யூட்களை, மூளை ஆய்வாளராகவும் இருக்கும் சுவீடன் கலைஞர் ஃபிரெட்ரிக் உல்லேன் பதிந்தார். மொத்தம் ஏழு சிடி. எல்லாம் வெளிவந்து முடிய 2020 ஆனது. சொராப்ஜி 96 வயது வாழ்ந்து 1988-லேயே மறைந்துவிட்டார்.

★

பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' இன்று உலகப் பிரசித்தம். 1955-ல் அது ஹார்ப்சிகார்ட் வாசிப்பவர்களும் வித்வான்களும் மட்டுமே பேசிக்கொள்ளும் சரக்கு. கனடாவிலிருந்து வந்த 22 வயதுப் பையன் கிளென் கூல்ட், முதல் கொலம்பியா ரெக்கார்டுக்கு அதைத்தான் வாசிப்பேன் என்றபோது கம்பெனிக்காரர்கள் தயங்கினார்கள். ஜூன் மாத நியூயார்க் வெயிலில் கோட்டு, மஃப்ளர், கையுறை சகிதம் ஸ்டுடியோவுக்கு வந்தார் கூல்ட். கூடவே மாத்திரைப் பாட்டில்களும், குட்டையாக அறுத்த காலுள்ள ஒரு மடக்கு நாற்காலியும். வாசிக்கும் முன் இரண்டு கையையும் சுடுநீரில் ஊறவைத்தார். 1956 ஜனவரியில் ரெக்கார்டு வெளிவந்தது. ஓட்டம் 39 நிமிடத்துக்கும் குறைவு. 1981-ல் அதையே மறுபடி பதிந்தபோது 51 நிமிடம் எடுத்துக்கொண்டார். இரண்டில் எது உசத்தி என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் முதலாவதின் பக்கம்.

★

கீபோர்டு வகுப்புக்குப் போகும் செம்பூர்க் குழந்தை இரண்டாம் வருடத்தில் வாசிக்கும் 'தி என்டர்டெய்னர்' ஒரு காலத்தில் கிட்டத்தட்ட மறக்கப்பட்டிருந்தது. அதை எழுதிய கறுப்பின இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளின் 1917-ல் இறந்தார். 1970-ல் ஜோஷுவா ரிஃப்கின் என்ற இளைஞர் ஜாப்ளினின் 'ராக்டைம்' உருப்படிகளை மட்டும் வாசித்து ஒரு தனி ஆல்பம் போட்டார். 1973-ல் 'தி ஸ்டிங்' படம் அதே இசையைப் பயன்படுத்த, ஊரெல்லாம் பரவிவிட்டது.

★

கார் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கேட்டு அலுத்துப்போன 'ஃபர் எலீஸ்' பீத்தோவன் உயிரோடு இருந்தவரை அச்சாகவே இல்லை. அவர் இறந்தது 1827-ல். அது வெளிவந்தது 1867-ல்.

★

2019-ல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் 10 லட்சம் டாலர் வென்றது நினைவிருக்கும். அவன் பறக்கவிட்ட 'வண்டின் பறத்தல்' பியானோவுக்காக எழுதப்பட்டதே அல்ல. ரிம்ஸ்கி-கோர்சகோவின் 1900-ஆம் ஆண்டு ஆபரா ஒன்றில் வாத்தியக் குழு வாசிக்கும் சிறு துண்டு. நிமிடத்துக்கு 325 'பீட்' வேகத்தில் வாசித்ததை வியக்கலாம். ரசிக்க அவன் நிதானமாக வாசிப்பவற்றைத் தேடிப் போக வேண்டும்.

★

மாட்டுங்கா மாமிகளுக்கு ஒரு செய்தி. பியானோவில் 'சி' தொடங்கி அடுத்த 'சி' வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் வருவது தீரசங்கராபரணம், 29-ஆவது மேளம். முத்துசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளில் இயற்றிய நோட்டு ஸ்வரங்கள் எல்லாம் இந்த ராகத்தில்தான். 'சந்ததம் பாஹிமாம்' உருப்படியின் மெட்டு, பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. ஆனால் கமகத்துக்குப் பியானோ மசியாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே சுருதி கிடையாது. அதையும் வைத்துக்கொண்டு கர்நாடக சங்கீதத்துக்குள் நுழைந்தவர் சென்னையின் அனில் சீனிவாசன். சிக்கில் குருசரண் பாட, பக்கத்தில் பியானோ.

★

ஒரு பியானோவில் 88 கட்டை, சுமார் 230 கம்பி. எல்லாக் கம்பிகளின் இழுவிசையையும் கூட்டினால் 18 டன் அளவுக்கு வரும். மும்பை மழைக்காலத்தில் ஒலிப்பலகை ஈரத்தைக் குடித்து உப்பும், சுருதி ஏறும். அக்டோபரில் காய்ந்ததும் இறங்கும். ஈரம் அண்டாமலிருக்க உள்ளே சின்ன பல்பு ஒன்றை எரியவிடும் பழக்கம் பழைய வீடுகளில் உண்டு. ரெக்கார்டிங் நாளில் ட்யூனர் கூடவே இருப்பது, வாசிக்க வாசிக்கவும் சுருதி நழுவுவதால்தான். தாராவி 90 அடிச் சாலையின் குறுகிய மாடிப்படியில் பியானோ ஏறாது. அங்கே 61 கட்டைக் கீபோர்டுதான். ஐந்து ஸ்தாயி, கற்கத் தொடங்கப் போதும். ஸ்க்ரியாபினுக்குப் போதாது.

★

சயான் பக்கம் சண்முகானந்தா அரங்கம் 1963-ல் திறந்தது, 1990-ல் தீக்கிரையானது, 1998-ல் மீண்டு வந்தது. சுமார் 2,760 இருக்கை, மைக் இல்லாமல் நடக்காது. நரிமன் பாயின்ட் என்சிபிஏ-வில் 1980-ல் திறந்த டாட்டா தியேட்டரோ மைக்கே தேவைப்படாதபடி கட்டப்பட்டது. அங்கே பியானோ கேட்கப் போனால் ஒன்று: ஒரு படைப்பின் பாகங்களுக்கு நடுவே கை தட்டாதீர்கள். 'பலே' சொல்ல வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

அதுவரை ஹெட்போன் போதும். முன்னே சொன்ன இடதுகை நாக்டர்னில் தொடங்குங்கள். ஐந்தாறு நிமிடம்தான். சயானில் லோக்கல் ஏறினால் தாதர் வருவதற்குள் முடிந்துவிடும்.