முதலில் அரசு முத்திரை, பிறகு நிறுவனப் பெயர்

முன்பின் தெரியாத ஒருவர் ஓட்டும் காரில், அவரைப் பற்றி எதுவும் விசாரிக்காமல் ஏறி உட்கார்வதுதான் டாக்சிப் பயணம். ஓட்டுநரை எடைபோடப் பயணிக்கு அவகாசம் கிடையாது. வண்டியையும் அதை ஓட்டுபவரையும் பொறுப்புள்ள ஓர் அமைப்பு சோதித்துப் பார்த்துத்தான் சாலையில் விட்டிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவர் கதவைத் திறக்கிறார். சோதித்தவர் யார், ஏதாவது நடந்தால் யாரிடம் முறையிடுவது என்பதை அந்தச் சில நொடிகளில் சொல்லக்கூடியது வண்டியின் மேலுள்ள அடையாளம் ஒன்றுதான். அதனால் டாக்சியில் எந்த நிறம், எந்தப் பலகை, யாருடைய பெயர் இருக்கலாம் என்று விதி வகுப்பதை அழகு சார்ந்த சில்லறை விஷயமாக ஒதுக்கிவிட முடியாது. வண்டியில் முதல் இடமும் நிரந்தர இடமும் உரிமம் தந்த அரசின் முத்திரைக்கே உரியவை. நிறுவனத்தின் பெயரும் விளம்பரமும் அதற்கு அடுத்துதான் வர வேண்டும். விதிகள் முன்னதில் கண்டிப்பாகவும் பின்னதில் தாராளமாகவும் இருப்பதுதான் பயணிக்கும் ஓட்டுநருக்கும் நல்லது.

இந்தக் கேள்வியோடு நெடுங்காலமாக மல்லுக்கட்டி வரும் நாடு இங்கிலாந்து. அங்கே வாடகைக் கார்கள் இரண்டு வகை. சாலையில் கைகாட்டி நிறுத்தியும் ஸ்டாண்டில் போயும் ஏறக்கூடியவை டாக்சிகள். லண்டனுக்கு வெளியே 1847-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் அவற்றை ஆள்கிறது. முன்பதிவு செய்தால் மட்டுமே வர வேண்டியவை 'பிரைவேட் ஹையர்' கார்கள். லண்டனுக்கு வெளியே அவற்றுக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டாம் வகைக் காருக்கு உரிமம் தருமுன், அது டாக்சியோ என்று யாரும் மயங்கும் தோற்றத்தில் இல்லை என்பதை உள்ளூர் கவுன்சில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 1980-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டமோ அத்தகைய காரின் கூரைமேல் 'டாக்சி', 'கேப்' போன்ற சொற்களைத் தாங்கிய பலகை வைப்பதையே தடைசெய்தது. இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. முன்பதிவில்லாமல் ஆள் ஏற்றினால் அந்தப் பயணத்துக்குக் காப்பீடு செல்லாமல் போகலாம்; யார் எந்த வண்டியில் போனார் என்ற பதிவும் இருக்காது. தோற்றத்தில் ஏற்படும் சிறு குழப்பம் பயணியைப் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் பல ஊர்கள் நிறத்தைக் கையிலெடுத்தன. லீட்ஸ் நகரின் டாக்சி வெள்ளை உடலும் கறுப்பு முன்மூடியுமாக வரும். பிரைட்டனில் அந்தக் கறுப்பின் இடத்தில் நீலப்பச்சை. லண்டனில் நிறத்தைவிட உருவம்தான் அடையாளம். கறுப்பு டாக்சியின் தனித்த வடிவமும், கூரையில் ஆரஞ்சு வண்ணத்தில் ஒளிரும் 'டாக்சி' விளக்கும் தூரத்திலேயே தெரிந்துவிடும். வண்டி முழுக்க விளம்பரம் ஒட்ட லண்டன் போக்குவரத்து ஆணையம் அனுமதிப்பதும் இதனால்தான்: சோப்பு விளம்பரம் ஒட்டினாலும் அது டாக்சி என்பதில் யாருக்கும் ஐயம் வராது. சாதாரண காரையே டாக்சியாக ஓட்டும் ஊர்களில் அதே சலுகையைக் கொடுத்தால் அடையாளம் விளம்பரத்துக்குள் கரைந்துபோகும். விளம்பரத்தை எவ்வளவு அனுமதிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. அதை ஒட்டிய பிறகும் 'இது எந்த வகை வண்டி, யார் உரிமம் தந்தது' என்பவை பளிச்சென்று தெரிந்தால் தடைசெய்ய வேண்டியதில்லை; தெரியாவிட்டால் அனுமதிக்கக் கூடாது.

யார் தந்த உரிமம்?

இங்கிலாந்தில் இன்று பெரிய சிக்கல் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. ஓர் ஊரில் பதிவான முன்பதிவை இன்னோர் ஊர் நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழிசெய்தது. வுல்வர்ஹாம்ப்டன் கவுன்சிலின் உரிமம் பெற்ற கார்கள் மான்செஸ்டர் போன்ற தொலைவூர்களில் ஏராளமாக ஓடுகின்றன. அவை ஓடும் ஊர்களின் அதிகாரிகளால் அவற்றின் உரிமத்தை நிறுத்திவைக்க முடியாது. சிறுமிகள் மீதான கூட்டுப் பாலியல் சுரண்டல் குறித்து 2025 ஜூனில் வெளியான லூயிஸ் கேசியின் அறிக்கை, இப்படி வெளியூர் உரிமத்தோடு டாக்சி ஓட்டுவதற்கு உடனே முற்றுப்புள்ளி வைக்கச் சொன்னது. சட்டம் மாறும்வரை பயணிக்கு இருக்கும் ஒரே துணை, உரிமம் தந்த கவுன்சிலின் பெயர் வண்டியில் தெளிவாக இருப்பதுதான். புகார் எங்கே போக வேண்டும் என்பதை நிறுவனத்தின் பெயர் சொல்லாது. முன்பதிவுக் கார்களில் கவுன்சிலின் உரிமத் தகடும் 'முன்பதிவுக்கு மட்டும்' என்ற கதவுப் பலகையும் போதும் என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2023-இல் பரிந்துரைத்தது. நிறுவனத்தின் பெயரைப் பின்னுக்குத் தள்ளி அரசின் பெயரை முன்னிறுத்தும் சரியான வரிசை அது.

கைப்பேசிச் செயலியில் ஓட்டுநரின் படமும் பெயரும் வண்டி எண்ணும் வந்துவிடுகின்றன, பலகை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். முன்பதிவுப் பயணத்தில் செயலி தரும் தகவல் மதிப்புள்ளது. ஆனால் அந்தத் தகவலைத் தருவது நிறுவனம். அது தவறும்போது பயணிக்கு வேறு சான்று வேண்டும். 2019 நவம்பரில் லண்டன் போக்குவரத்து ஆணையம் ஊபர் நிறுவனத்துக்கு உரிமம் மறுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, அனுமதியற்றவர்கள் வேறு ஓட்டுநர்களின் கணக்கில் தங்கள் படத்தை ஏற்றி, குறைந்தது 14,000 பயணங்கள் ஓட்டியிருந்தார்கள் என்பது. (பிறகு 2020-இல் நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு உரிமம் வழங்கியது.) அமெரிக்காவில் அதே 2019-இல், தான் பதிவு செய்த வண்டி என்று நினைத்து வேறு காரில் ஏறிய கல்லூரி மாணவி ஒருவர் கொல்லப்பட்டார். அது நடந்த தென் கரோலினா மாநிலத்தில் கார்களுக்கு முன்பக்க நம்பர் பிளேட் கிடையாது. செயலி வழி ஓடும் கார்கள் தங்கள் எண்ணை முன்புறம் தெரியும்படி வைக்க வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. திரையில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றையொன்று சரிபார்க்கும்போதுதான் இரண்டுக்கும் பயன்.

அடையாளத்தைப் போலியாகச் செய்துவிடலாமே என்பது அடுத்த தடை. உண்மைதான், காந்தத்தால் ஒட்டும் பலகையை யாரும் யாருக்கும் இரவல் தரலாம். அதனால்தான் அரசின் முத்திரை வண்டியோடு நிரந்தரமாகப் பிணைந்திருக்க வேண்டும் என்கிறேன். முன்பதிவுக் கார்களுக்குச் சிங்கப்பூர் 2017-இல் கொண்டுவந்த ஸ்டிக்கர், முன் பின் கண்ணாடிகளில் ஒட்டப்படுவது; பிரித்தெடுத்து வேறு காரில் ஒட்ட முயன்றால் காட்டிக்கொடுத்துவிடும். முறையான உரிமம் வைத்திருந்தவர்களே கொடுமை செய்ததில்லையா என்றும் கேட்பார்கள். செய்ததுண்டு. பெண்கள் பலரை மயக்கமருந்து கொடுத்துச் சீரழித்த லண்டன் கறுப்பு டாக்சி ஓட்டுநர் ஒருவர் 2009-இல் தண்டிக்கப்பட்டார். முத்திரை ஒருவரின் நல்லொழுக்கத்துக்கு உத்தரவாதம் தராது. ஆனால் குற்றம் நடந்தபின் ஆளைத் தேடிப் பிடிக்க ஒரு நூலிழையைத் தரும். உரிமம் தந்த அமைப்பைப் பதில் சொல்ல வைக்கும்.

ஓட்டுநரின் பக்கம்

எதிர்ப்புகளில் மிகக் கனமானது ஓட்டுநர்கள் முன்வைப்பது. கதவில் பெரிய பலகை இருந்தால் திருடரும் குடிகாரரும் தம்மைக் குறிவைக்கிறார்கள் என்கிறார்கள். இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு மாறி மாறி ஓட்டுபவரின் கதவில் ஒரு நிறுவனத்தின் பெயரை நிரந்தரமாக ஒட்டச் சொன்னால் அவர் அதற்குக் கட்டுப்பட்டவராகிவிடுவார். இந்தக் குறைகளை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் இவற்றில் பெரும்பகுதி நிறுவனப் பலகையைப் பற்றியவை, அரசு முத்திரையைப் பற்றியவை அல்ல. நிறுவனப் பெயரைக் கட்டாயமாக்காமல் விட்டால் அவர் விரும்பிய இடத்தில் வேலை செய்யலாம். சொந்தக் குடும்பக் காராயிற்றே என்ற வாதம் இங்கிலாந்தில் அவ்வளவு எடுபடாது: உரிமம் பெற்ற கார் ஓய்விலிருக்கும்போதும் வாடகைக் கார்தான், உரிமமுள்ள ஓட்டுநரைத் தவிர வேறு யாரும் அதை ஓட்டக் கூடாது என்று 1997-இல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பாதுகாப்புக் காரணம் காட்டுவோருக்குத் தகட்டிலிருந்து விலக்களிக்கவும் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. அந்த விலக்கைக் காரணங்களை எழுத்தில் பதிந்து அரிதாகத் தர வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பாடம் இருக்கிறது. 'டி போர்டு', 'ஓன் போர்டு' என்று நாம் பிரித்துச் சொல்வது நிறத்தை வைத்துத்தான்: மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து வாடகை வண்டி, வெள்ளைத் தகடு சொந்த வண்டி. மின்சார வாடகை வண்டிக்குப் பச்சைத் தகட்டில் மஞ்சள் எழுத்து. எளிய, நல்ல ஏற்பாடு. இந்த எல்லைக்கோட்டைத்தான் பைக் டாக்சி இப்போது அழித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளைத் தகடு கொண்ட சொந்த மோட்டார் சைக்கிளில் பயணிகளை ஏற்ற மாநிலங்கள் அனுமதிக்கலாம் என்று 2025 ஜூலையில் ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் வந்தது. அதில் ஏறும் பெண்ணுக்கு அது அனுமதி பெற்ற வண்டி என்பதை இன்று சொல்வது பெரும்பாலும் ஓட்டுபவரின் சட்டையிலும் ஹெல்மெட்டிலும் உள்ள நிறுவன முத்திரைதான். அவற்றை யாரும் அணிந்துகொள்ளலாம். அனுமதி தருவதா வேண்டாமா என்பது தனி விவாதம். தருவதென்று ஒரு மாநிலம் முடிவெடுத்தால், வண்டியிலிருந்து பிரிக்க முடியாத அரசு முத்திரை, அதில் அனுமதி எண், புகாருக்கான தொலைபேசி எண் மூன்றையும் அனுமதி ஆணையிலேயே சேர்த்து எழுத வேண்டும். அதன் செலவை நிறுவனம் ஏற்கட்டும். ஓட்டுபவரின் அன்றாட வருமானத்தில் கைவைக்க வேண்டாம். அந்த முத்திரை ஒட்டிய பிறகு மீதமுள்ள இடத்தில் நிறுவனங்கள் தங்கள் பெயரை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.