வெங்காயப் பக்கோடா: குறைந்த எண்ணெயில் மொறுமொறுப்பாகச் செய்யும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களிற் சின்ன வெங்காயம் பிடுங்கப்படும் காலத்தில் ஒவ்வொரு கமக்காரர் வீட்டு முற்றத்திலும் இரண்டு குவியல்களைக் காணலாம். ஒன்று, நன்கு முற்றி, தாள் காய்ந்து, பிடியாகக் கட்டுவதற்கு ஏற்றது. மற்றையது, மண்வெட்டி பட்டுக் காயப்பட்டவை, கழுத்துத் தடித்தவை, தாள் அறுந்து உதிர்ந்தவை ஆகியன சேர்ந்த கழிவுக் குவியல். முதலாவது சந்தைக்கும் விதைக்கும் போகும். இரண்டாவதை வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டும்; கொடுக்காவிடில் சில வாரங்களில் அது சாக்கிலேயே அழுகி, பக்கத்திலுள்ள நல்ல வெங்காயத்தையும் கெடுத்துவிடும். விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்த போகத்திலோ முதலாவது குவியலுக்கும் இதே கதி நேர்வதுண்டு.

கழிவுக் குவியலிலுள்ள குமிழ்களிற் பெரும்பாலானவை உண்பதற்கு எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல. நெடுநாள் வைத்திருக்க முடியாது என்பதே அவற்றின் குறை. ஆகையால் அவற்றை உடனடியாகச் சிற்றுண்டியாகவோ பொரித்த வெங்காயமாகவோ மாற்றிப் பயன்படுத்தும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தாச்சி நிறைய எண்ணெய் விட்டுப் பொரிப்பதே பழைய முறை. அண்மைக் காலத்தில் எயார் பிரையர் என வழங்கும் மின்கருவி கிராமத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்துள்ளது. எண்ணெய்ச் செலவு குறையும் என நம்பி அதனை வாங்கியோர் பலர், முதல் வாரத்திலேயே ஏமாற்றம் அடைகின்றனர். பக்கோடா மேலே கருகி உள்ளே ஈரமாக வருகின்றது. அல்லது வதக்கிய வெங்காயம் போலத் துவண்டு கிடக்கின்றது. பின்னர் அக்கருவி அலுமாரியின் மேல் ஏற்றி வைக்கப்படுகின்றது.

குறை பெரும்பாலும் கருவியில் இல்லை. மொறுமொறுப்பு என்பது வெங்காயம் காயவிடப்படும் இடத்திலேயே தொடங்குகின்றது. கத்தியின் கீழ் நிச்சயமாகின்றது. கருவி அதனை நிறைவேற்றுகின்றது, அவ்வளவே.

இதனை விளங்கிக்கொள்வதற்கு வெங்காயத்தில் உள்ள நீரைப்பற்றி அறிதல் வேண்டும். தம்புள்ளை, கலேவெல முதலிய இடங்களிற் செய்கை பண்ணப்படும் பெரிய வெங்காயம் போன்றவற்றில் 100 பங்கில் 86 முதல் 89 பங்கு வரை நீராகும். யாழ்ப்பாணத்திலும் கற்பிட்டியிலும் விளையும் சின்ன வெங்காய இனங்களில் அது ஏறத்தாழ 80 முதல் 84 பங்கு வரை இருக்கும். வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் நீர் போக எஞ்சும் திண்பொருளைக் கணக்கிட்டால், சின்ன வெங்காயத்தில் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருப்பது புலப்படும். மொறுமொறுப்பாக வாயில் உடைவது அத்திண்பொருளே. நீர் நீங்கும்வரை வெங்காயத் துண்டின் வெப்பநிலை 100 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். பொன்னிறமும் மணமும் தோன்றுவதற்கோ அதனிலும் மிக உயர்ந்த வெப்பம் வேண்டும். ஆகவே, முதலில் நீர் நீங்க வேண்டும், பின்னரே நிறம் ஏற வேண்டும். இவ்வொழுங்கு மாறினால் மேற்புறம் கருகும், உட்புறம் அவிந்துவிடும்.

கொதிக்கும் எண்ணெயும் சூடான காற்றும் ஒரே வெப்பநிலையில் இருப்பினும் அவை வேலை செய்யும் விதம் ஒன்றன்று. 180 பாகையிலுள்ள போறணைக்குள் ஒரு கணம் கையை நீட்டி எடுக்கலாம். அதே சூட்டிலுள்ள எண்ணெயில் விரல் நுனியும் படலாகாது. எண்ணெய் வெப்பத்தை மிக விரைவாகக் கொடுக்கும், காற்று மெதுவாகவே கொடுக்கும். தாச்சியில் இட்ட மாக்கரைசல் அக்கணமே இறுகித் தோலாவது இதனாலேயே. 2010 ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் எயார் பிரையர் என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியும், அதன்பின் வந்த ஏனையவையும், மேலே ஒரு வெப்பச் சுருளும் அதன் காற்றை வேகமாகச் சுழற்றும் விசிறியும் கொண்ட சிறு போறணைகளே. அவற்றில் நீர்த்த கரைசலில் தோய்த்த வெங்காயத்தை இட்டால், கரைசல் இறுகுமுன் துளைத்தட்டின் வழியே ஒழுகிவிடும். தாச்சிக்கு ஏற்ற பஜ்ஜிக் கரைசலை இக்கருவிக்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது. ஏமாற்றங்களுட் பல இதனால் விளைவனவே.

இனி, குமிழ்களைத் தெரிதல் பற்றிக் கூறுவோம். அறுவடைக்கு ஒரு வாரத்திற்கு முன்னரே நீர் பாய்ச்சுவதை நிறுத்திய தோட்டத்து வெங்காயமே இதற்கு நன்று. இறுதி நாள்வரை நீர் இறைத்து எடை கூட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அவ்வெங்காயம் தராசிலே கனக்கும், சேமிப்பிலே அழுகும், பொரிக்கையில் நீராக வடியும். யூரியாவை அளவுக்கு மிஞ்சி, காலந் தாழ்த்தி இட்டாலும் கழுத்துத் தடித்து, உலராத குமிழ்களே மிகும். பிடுங்கிய வெங்காயத்தைப் பரப்பும்போது ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் குமிழை மூடுமாறு அடுக்கினால், வெயில் குமிழைச் சுடாது. தாளும் கழுத்தும் மெல்லக் காயும். பக்கோடாவிற்கென ஒதுக்கிய காயப்பட்ட வெங்காயத்தையும் ஓரிரு நாள் நிழலிற் காற்றோட்டமாகப் பரப்பி வைத்தல் நலம். கறுத்த பூஞ்சணம் படிந்ததும் அடி அழுகியதுமான குமிழ்களை முற்றாக விலக்குக. அழுகிய பாகத்தை வெட்டி எஞ்சியதைப் பயன்படுத்துதல் சிக்கனமன்று. அந்த நாற்றம் முழுத்தட்டிலும் ஏறும்.

சின்ன வெங்காயம் உரிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை என்பதை மறுப்பதற்கில்லை. சிறிது நேரம் நீரில் ஊறவிட்டால் தோல் எளிதாகக் கழலும். அவ்வாறு செய்பவர்கள் உரித்த குமிழ்களைத் துணியிற் பரப்பி, மேல் ஈரம் முற்றாக நீங்கிய பின்னரே வெட்ட வேண்டும். கத்தி கூர்மையாயிருத்தல் மிக அவசியம். மழுங்கிய கத்தி கலங்களை நசுக்குகின்றது. நசுங்கிய கலங்களிலிருந்து கண்ணைக் கரிக்கும் கந்தகப் பொருள் மிகுதியாக எழுவதோடு, சாறும் பலகையில் வடிந்து வீணாகும். துண்டின் தடிப்பு 3 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். அளவைவிட முக்கியமானது, எல்லாத் துண்டுகளும் ஒரே தடிப்பாய் இருத்தலாகும். மெல்லியதும் தடித்ததும் கலந்திருப்பின், ஒன்று கருகும்வரை மற்றையது வேகாது. எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் அதனைச் சரிசெய்யாது.

வெட்டிய வெங்காயம் 250 கிராமிற்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேற்பட்ட உப்பை இட்டுப் பிசறி, 15 நிமிடம் மூடி வைக்க வேண்டும். உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுக்கும். அந்நீரைக் கொட்டுதல் கூடாது. மாவை நனைப்பதற்கு வேண்டிய ஈரம் அதுவே. பின்னர் கடலைமா 80 கிராம், அரிசிமா 25 கிராம், நொறுக்கிய செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கிள்ளிய கறிவேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்து விரல்களாற் பிரட்டுக. வேறு நீர் ஒரு துளியும் விடலாகாது. மா ஒவ்வொரு துண்டிலும் பசைபோல ஒட்டியிருக்க வேண்டும். பாத்திரத்தின் அடியிற் குழம்பாகத் தேங்கலாகாது. தேங்கினால் இன்னும் ஒரு கரண்டி அரிசிமாத் தூவலாம். கடலைமா ஒட்டும் தன்மையையும் சுவையையும் தருவது. அரிசிமா மேற்புறத்தைக் கடினமாக்கி உடையச் செய்வது. கோதுமைமா மட்டும் பயன்படுத்தினால் ஆறியவுடன் தோல்போல இழுபடும்.

இறுதியாக ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயை விட்டு மீண்டும் பிரட்ட வேண்டும். எண்ணெயே இல்லாமற் செய்யலாம் எனச் சிலர் கூறுவர். செய்யலாம், ஆனால் மா வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து, பச்சை மாவின் சுவையோடு நிற்கும். ஒரு கரண்டி எண்ணெய் மாவின் மேற் படர்ந்து சூட்டை எங்கும் பரப்புகின்றது. கடையில் விற்கப்படும் பொரித்த வெங்காயத்தில் எடையில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் கொழுப்பு இருப்பது வழக்கமாகையால், இந்த ஒரு கரண்டியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கருவியை 160 பாகையில் 3 நிமிடம் வெறுமையாகச் சூடாக்கிய பின், கலவையைச் சிறு சிறு கொத்துகளாகப் பிய்த்து, இடைவெளி விட்டு ஒரே படையாகப் பரப்புக. உருண்டையாகப் பிடித்தால் நடுப்பகுதி வேகாது. பலரும் விடும் மற்றுமொரு தவறு, இரண்டு தடவைக்குரியதை ஒரே தடவையில் திணிப்பதாகும். 250 கிராம் வெங்காயத்தில் 200 கிராமுக்கு மேல் நீர் இருப்பதை நினைவிற் கொள்க. அதிற் பெரும் பாகம் ஆவியாகி வெளியேற வழி வேண்டும். திணித்த தட்டில் அவ்வாவி சிறைப்பட்டு, பக்கோடாவை இடியப்பம் போல அவித்துவிடும். 10 நிமிடத்தின் பின் கொத்துகளைப் புரட்டி, சூட்டை 180 பாகைக்கு உயர்த்தி மேலும் 4 முதல் 6 நிமிடம் வைத்தல் போதுமானது. கருவிக்குக் கருவி சூடு வேறுபடுமாகையால், முதல் தடவை அருகிலிருந்து பார்த்தல் நன்று. வேண்டிய நிறத்திற்குச் சற்று முன்னரே வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்த பின்னும் நிறம் சிறிது ஏறும். சூடாயிருக்கையில் மென்மையாகத் தோன்றுவது ஆறும்போதே இறுகி மொறுமொறுப்பாகும். கடும் பழுப்பு நிறம்வரை விடுதல் கசப்பை மட்டும் தருவதன்று. மாப்பொருள் நிறைந்த உணவுகள் மிகுந்த சூட்டில் பழுக்கும்போது அக்ரிலமைட் என்னும் தீய பொருள் உண்டாவதை 2002 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். பொன்னிறத்தில் நிறுத்துதலே அதனைக் குறைக்கும் எளிய வழி.

மாவின்றி வெறும் வெங்காயத்தைப் பொரித்துச் சோற்றுக்கும் சம்பலுக்கும் தூவ விரும்புவோர், 250 கிராமிற்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறி, 150 பாகையில், 5 நிமிடத்திற்கு ஒரு தடவை குலுக்கி, ஏறத்தாழ 25 நிமிடம் வைக்கலாம். இதில் ஓர் அபாயம் உண்டு. உலர்ந்த துண்டுகள் சருகுபோல இலேசாகி, விசிறிக் காற்றில் எழுந்து வெப்பச் சுருளில் ஒட்டிக் கருகும், புகையும் எழும். ஒரு கம்பித்தட்டை மேலே கவிழ்த்து வைத்தால் இது நேராது.

இங்கு ஒரு கணக்கையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. கழிவு வெங்காயத்தைப் பொரித்து விற்கலாம் என எண்ணி, தவணைக் கடனில் இக்கருவியை வாங்க முற்படும் குடும்பங்கள் உண்டு. ஒரு கிலோகிராம் உரித்த சின்ன வெங்காயத்திலிருந்து கிடைக்கும் பொரித்த வெங்காயம் 150 முதல் 200 கிராம் வரையே. அதற்கு நான்கு தடவை, மொத்தம் 100 நிமிடம், கருவி ஓட வேண்டும். 1500 வாற்றுக் கருவியாயின் செலவாகும் மின்சாரம் இரண்டரை அலகு வரை செல்லலாம். நாளொன்றுக்கு 10 கிலோகிராம் பொரிக்க முனைந்தால் ஏறத்தாழ 17 மணித்தியாலம் ஒருவர் அதன் அருகே நிற்க வேண்டும். உரிக்கவும் வெட்டவும் ஆகும் நேரம் வேறு. ஆகவே, வீட்டுத் தேவைக்கும் விருந்தினருக்கும் மாலைத் தேநீருக்கும் இக்கருவி உகந்தது, வாணிபத்திற்கு உகந்ததன்று. விற்பனை செய்ய விரும்பும் மாதர் சங்கங்கள் பெரிய போறணை அல்லது தட்டு உலர்த்தி ஒன்றைக் கூட்டாகப் பயன்படுத்துவது பற்றிச் சிந்தித்தல் வேண்டும். கடன் எடுக்குமுன், தமக்குக் கிடைக்கும் மின்கட்டணத்தையும் ஊர்ச் சந்தை விலையையும் இவ்வளவுகளோடு பொருத்திப் பார்க்குமாறு போதனாசிரியர்கள் எடுத்துக் கூறுவது பொருத்தமானது.

பக்கோடாவை அன்றே உண்பது சிறந்தது. வெறும் பொரித்த வெங்காயம் முற்றாக ஆறிய பின் காற்றுப் புகாத போத்தலில் அடைத்தால் இரண்டு மூன்று வாரம் கெடாதிருக்கும். சூட்டுடன் மூடினால் மூடியில் வியர்க்கும் நீரே அதனைக் கெடுக்கும். தேங்காயெண்ணெய் எளிதிற் சிக்கு நாற்றம் அடையாதாகையால் சேமிப்புக்கு அதுவே ஏற்றது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஈரமான மாதங்களிற் போத்தலை அடிக்கடி திறந்து மூடினால் வெங்காயம் தளர்ந்துவிடும். தளர்ந்ததை 150 பாகையில் 2 அல்லது 3 நிமிடம் வைத்து எடுத்தால் பழைய நிலையை அடையும்.

உரித்த தோலையும் தாளையும் கூட்டெருக் குழியில் இடலாம். ஆனால் விலக்கிய அழுகல் குமிழ்களை அதிற் சேர்க்கலாகாது. குமிழழுகலை உண்டாக்கும் பூஞ்சணம் மண்ணிற் பல ஆண்டு உயிருடன் இருக்கவல்லது. கூட்டெருவோடு தோட்டத்திற்குத் திரும்பினால் அடுத்த போகத்து நாற்றையும் குமிழையும் அது பற்றும். அவற்றை வெங்காயத் தோட்டத்திற்கு அப்பால், பயிர் செய்யாத இடத்தில் எரித்துவிட வேண்டும்.