கல்யாண முருங்கை ஊருக்கு நாலு நாள் பயணம்

சீனத்துச் சுவான்சௌ நகரில் தமிழர் விட்டுச் சென்ற கற்களும், நமக்காகக் காத்திருக்கும் கஞ்சியும்

விடிவதற்கு வெகு முன்பே ஆண்டர்சன்பேட்டை டீக்கடைகளில் அடுப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் கண்ணாடி டம்ளருமாக நிற்கிறார்கள். 2001 பிப்ரவரி 28-ம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து நம் ஊர்க் குடும்பங்களில் பாதிப் பிழைப்பு அந்த ரயிலில்தான் போய் வருகிறது.

அப்படி நின்றிருந்த ஒரு குமாஸ்தா நண்பர் ஒரு நாள் மெல்லப் பேச்சை எடுத்தார்.

"அண்ணே, ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஒரு தடவையாவது வெளிதேசம் பாத்துடணும். சிங்கப்பூருக்கு எல்லாரும்தான் போறாங்க. நாம சீனாவுக்குப் போனா என்ன?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் விடவில்லை. "சீனாவா சார்? அங்கே போனா பாம்பும் பல்லியும்தான் சாப்பிடணும்!"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால், நண்பரின் ஆசையில் தவறில்லை. கடைக்காரரின் பயத்தில்தான் தவறு. அவர் கையில் ஆறிக்கொண்டிருந்த பானத்தின் பெயரே சீனத்திலிருந்து வந்ததாயிற்றே! தென்கிழக்குச் சீனத்தின் ஃபூஜியன் கரையோர மக்கள் தங்கள் பேச்சில் அந்த இலையைத் "தே" என்கிறார்கள். கப்பலேறி உலகம் சுற்றிய அந்த ஒரு சொல்தான் ஆங்கிலத்தில் "டீ" ஆயிற்று. நம்மிடம் "தேயிலை" ஆயிற்று. பதிலுக்கு நாமும் சும்மா இருக்கவில்லை. இன்றைக்கும் சீன ஓட்டல்களின் ஆங்கில மெனுவில் அரிசிக் கூழுக்கு எழுதியிருக்கும் பெயர் "காஞ்ஜீ". அது நம் வீட்டுக் கஞ்சியே அன்றி வேறில்லை.

எந்த ஊருக்குப் போவது?

சீனா பெரிய தேசம். நாலு நாள் லீவில் அதைச் சுற்றிவிட முடியாது. பெய்ஜிங், ஷாங்காய் என்று பெயர் பெற்ற ஊர்களைப் பறந்து பறந்து பார்ப்பதைவிட, ஒரே ஊரில் தங்கி நிதானமாகப் பார்த்து, நிதானமாகச் சாப்பிடுவதே நம்மைப் போன்றவர்களின் பைக்கும் காலுக்கும் ஏற்றது. தமிழனுக்கு அந்த ஒரே ஊர் எது என்றால், தயக்கமின்றிச் சொல்லலாம்: ஃபூஜியன் மாநிலத்துச் சுவான்சௌ.

இந்த ஊருக்குப் பழைய பெயர் "சித்தோங்". அது ஒரு மரத்தின் பெயர். சிவப்புப் பூப் பூக்கும் முள் மரம். நாம் கல்யாண முருங்கை என்கிறோமே, அதேதான். ஊரைச் சுற்றி அந்த மரங்களை நட்டிருந்ததால் வந்த பெயர். அரபு வணிகர் வாயில் அது "சைத்தூன்" ஆயிற்று. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13-ம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்தைக் கண்டு வியந்தார். மிளகு ஏற்றி அலெக்சாண்டிரியாவுக்கு ஒரு கப்பல் போனால், இங்கே நூறு கப்பல் வருகிறது என்று அவர் எழுதி வைத்தார்.

சோழ அரசர்களின் தூதர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவைக்குச் சென்றதைச் சீனரே குறித்து வைத்திருக்கிறார்கள். 1033-ல் தூது அனுப்பியவன் ராஜேந்திர சோழன். நம் ஊருக்குப் பக்கத்தில் கோலார் கோலாரம்மன் கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டாக நிற்பதும் அவன் பெயர்தான்.

தூதர் போன வழியிலேயே வணிகரும் போனார்கள். போனவர்கள் அங்கே ஒரு கோயிலும் எழுப்பினார்கள். 1281-ம் ஆண்டு சித்திரை மாதத்தில், அப்போது சீனத்தை ஆண்ட மங்கோலியச் சக்கரவர்த்தி குப்ளாய் கானின் உடல்நலத்துக்காகச் சுவான்சௌவில் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தி ஒரு கல்லில் இருக்கிறது. தமிழ் எழுத்து, அதன் கீழே ஒரு வரி சீன எழுத்து. செய்தவர் பெயர் சம்பந்தப் பெருமாள். அயலூரில் பிழைக்கப் போன தமிழர், ஆளும் அரசனின் அனுமதியோடு தங்கள் சாமிக்கு இடம் பிடித்த கதை இது. பிழைப்புக்காகக் கோலார் தங்கவயலுக்கு வந்து, லைனுக்கு ஒரு கோயில் கட்டிய நம் பாட்டன்மார்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருந்திருக்காது!

நாலு நாளை எப்படிப் பங்கிடுவது?

முதல் நாளை மேற்கு வீதிக்கும் கைய்யுவான் புத்தர் கோயிலுக்கும் ஒதுக்குங்கள். 686-ம் ஆண்டில் தோன்றிய கோயில் அது. 13-ம் நூற்றாண்டுக் கல் கோபுரங்கள் இரண்டு, நாற்பது மீட்டருக்கு மேல் உயர்ந்து இருபுறமும் நிற்கின்றன. ஆனால் நாம் பார்க்க வேண்டியது பெரிய மண்டபத்தின் பின்புறம். அங்கே பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு இருக்கின்றன. இரணியனைப் பிளக்கும் நரசிம்மர், உரலை இழுத்துச் செல்லும் கண்ணன், முதலையிடமிருந்து காக்கப்பட்ட யானை: எல்லாம் நம் ஊர்ச் சிற்ப முறையில் செதுக்கப்பட்டவை. இடிந்த கோயிலின் கற்களைப் பிற்காலத்தில் இங்கே கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். இந்தக் கோயில் வளாகத்திலேயே 1974-ல் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த பழைய மரக்கப்பல் ஒன்றும் வைக்கப்பட்டுள்ளது. வாசனைக் கட்டைகளோடு மிளகும் அதில் கிடைத்தது.

இரண்டாம் நாள் காலையில் கடல்வழித் தொடர்பு மியூசியம். யானை தும்பிக்கையால் லிங்கத்துக்குப் பூச்சாத்தும் சிற்பத்தின் முன் நின்றால் திருவானைக்காவல் நினைவுக்கு வராமல் போகாது. பிற்பகலில் தூமென் வீதி. 1009-ல் கட்டிய கல் மசூதியும், சீனர்களின் குவான்தி கோயிலும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. சற்றுத் தள்ளி, மாலுமிகளின் தாயான கடலம்மைக்கு 1196-ல் எடுத்த கோயில். மாலையில் வாய்ப்புக் கிடைத்தால் பொம்மலாட்டம் பாருங்கள். நம்முடையதைப் போலவே நூல் கட்டிய பொம்மைகள்தான். ஆனால் ஒரு பொம்மைக்கே இருபது முப்பது நூல்! "நான்யின்" என்னும் பழைய இசையும் இந்த ஊரின் சொத்து. 2009-ல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. 2021-ல் இந்தப் பழைய துறைமுக நகரத்தின் சின்னங்களையே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மூன்றாம் நாள் ஊருக்கு வெளியே லோயாங் பாலம். 1053-ல் தொடங்கி 1059-ல் முடித்த கல் பாலம். அடித்தளக் கற்கள் அலையில் பெயராமல் இருக்க, அவற்றின் மேல் சிப்பிகளை வளர்த்து, அவை ஒட்டும் பிடிப்பாலேயே கற்களை இறுக்கினார்கள் என்றால் அந்தக் கொத்தனார்களின் மூளையை என்னவென்பது! அங்கிருந்து திரும்பி, ஷுன்பூ என்ற மீனவர் குடியிருப்பு. வீட்டுச் சுவர்களில் செங்கல்லுக்குப் பதில் சிப்பி ஓடுகள். அந்த ஊர்ப் பெண்கள் கொண்டையைச் சுற்றிச் சரஞ்சரமாகப் பூச்சூடுகிறார்கள். நம் வீட்டம்மாவைக் கூட்டிப்போனால் அங்கிருந்து கிளப்புவது கடினம்.

நாலாம் நாள் தேநீருக்கு. "தியேகுவான்யின்" என்னும் புகழ்பெற்ற தேயிலை விளையும் ஆன்ஷி, இந்தச் சுவான்சௌவைச் சேர்ந்த பகுதியே. கைக்குள் அடங்கும் சின்னக் கிண்ணங்களில், பாலும் சீனியும் இல்லாமல், மறுபடி மறுபடி ஊற்றித் தருவார்கள். ஒரே மடக்கில் குடித்துவிட்டு ரயிலுக்கு ஓடும் நமக்கு அது பொறுமையின் பாடம்.

வயிற்றுக்கு என்ன வழி?

பாம்பும் பல்லியும் தேடினாலும் எளிதில் கிடைக்காது. காலையில் கடைக்குக் கடை கிடைப்பது "மியன்ஷியன்ஹூ": தலைமுடி போன்ற மெல்லிய கோதுமைச் சேமியாவைக் கூழாகக் காய்ச்சியது. மேலே நமக்கு வேண்டியதைக் காட்டினால் போட்டுத் தருவார்கள். தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த நீள மாவுக் குச்சி. முட்டையும் சிப்பிக் கறியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவும் சேர்த்து வார்க்கும் அடை ஒன்று உண்டு. முற்றிய இஞ்சியும் நல்லெண்ணெயும் விட்டுச் சட்டியில் சுண்ட வைக்கும் வாத்துக் கறியின் வாசனை தெருக்கோடி வரை வரும். இலையில் மடித்து அவித்த ஒட்டரிசிப் பொட்டலத்தைப் பார்த்தால் நம் இலைக் கொழுக்கட்டையின் அண்ணன் எனலாம். உள்ளே இருப்பது மட்டும் பன்றிக் கறி. வெயிலுக்கு இதமாகக் கடற்பாசி, சூடாக வேர்க்கடலைப் பாயசம். கடற்புழுவை உறைய வைத்த பண்டம் ஒன்றும் உண்டு. அதைத் தைரியசாலிகளுக்கு விட்டுவிடுவோம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. சைவம் உண்பவருக்கும், பன்றி, மாடு தவிர்ப்பவருக்கும் கவனம் வேண்டும். காய்கறி என்று தோன்றும் குழம்பிலும் எலும்பு வேகவைத்த நீர் சேர்ந்திருக்கலாம். "இன்னின்னது சாப்பிட மாட்டேன்" என்று சீன எழுத்தில் ஒரு சீட்டு எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தர் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள் கைகொடுக்கும். திரும்பும் வழியில் சியாமென் நகரத்து நான்புத்துவோ கோயிலின் சைவச் சாப்பாடு பெயர் பெற்றது.

புறப்படுமுன்

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பதே முதல் வேலை. 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1500 ரூபாய். ஏற்கெனவே இருந்தால் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2020-ல் நின்றுபோன இந்திய-சீன நேரடி விமானப் போக்குவரத்து 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. நம் ஊருக்கு வசதி, பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் சென்று அங்கிருந்து சியாமென் போவது. சியாமெனிலிருந்து சுவான்சௌவுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய அரை மணிதான்.

டிக்கெட் எடுக்கும்போது பெயரை இரண்டு தடவை படியுங்கள். குவாங்சௌ என்று வேறொரு பெரிய நகரம் உண்டு. ஆங்கில எழுத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். நம் ஊர் "க்யூ"வில் தொடங்குவது. "ஜி"யில் தொடங்குவது மற்றது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம், தவிர்க்கவும். அக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டும் அவர்களுக்கு விடுமுறை, கூட்டம் தாங்காது. மார்ச், ஏப்ரலோ, நவம்பரோ உகந்தது. 2025 இறுதியில் ஒரு யுவான் 12, 13 ரூபாய் மதிப்பு. அங்கே காய்கறிக் கடைக்காரர்கூட செல்போனில்தான் பணம் வாங்குகிறார். "அலிபே"யில் நம் வங்கி அட்டையை இங்கிருக்கும்போதே இணைத்துச் சோதித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பும் கூகுளும் சீனத்து இணைப்பில் வழக்கம்போல் இயங்கா. பேச வேறு வழி ஏற்பாடு செய்யாமல் போனால் வீட்டில் கவலைப்படுவார்கள். குடிக்க வெந்நீர் எங்கும் கிடைக்கும். பழமும் இறைச்சியும் பால் பண்டமும் கொண்டுபோக அனுமதியில்லை.

கல்லைக் காத்த வாத்தியார்

கடைசியாக ஒன்று. அந்தக் கோயிலைக் கட்டிய தமிழர் என்ன ஆனார்கள்? 1357 முதல் 1366 வரை சுவான்சௌவில் பெரும் கலகம் நடந்தது. அயலார் பலர் மாண்டனர், பலர் ஓடினர். அடுத்து வந்த அரசு கடல் வாணிபத்துக்குத் தடை போட்டது. கப்பல் நின்றது, பிழைப்பு நின்றது, கோயிலும் பாழானது. அதன் கற்கள் நகர மதிலிலும் வேறு கட்டடங்களிலும் வெறுங்கல்லாய்ப் புதைந்து கிடந்தன.

ஏறக்குறைய அறுநூறு ஆண்டு கழித்து அந்த மதிலை இடித்தபோது கற்கள் வெளியே வந்தன. அவற்றின் அருமையை உணர்ந்தவர் வூ வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். 1930-களிலிருந்து தேடித் தேடிச் சேர்த்தார். 1957-ல் அவற்றைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். தமிழ் நம் மொழி. அவருக்கு அது அயல்மொழி. இருந்தும் காத்தார்.

பிழைப்பு நின்றுபோன ஊர் எப்படியிருக்கும் என்பது ஆண்டர்சன்பேட்டைக்காரருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாத்தாவின் சுரங்க விளக்கு, அப்பாவின் டோக்கன், பழைய சம்பளச் சீட்டு, லைன் கோயில் திருவிழாப் போட்டோ: இவை இன்னும் எத்தனை வீட்டுப் பரண்களில் இருக்கின்றன? பழைய இரும்புக்கும் காகிதத்துக்கும் எடைக்குப் போனவை எத்தனை?

சீனா போக முடிந்தவர்கள் போய்வாருங்கள். அந்தத் தூணைத் தொடாமல் கண்ணால் பார்த்து, ஒரு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டு வாருங்கள். போக முடியாதவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள். கிடைப்பதைத் துடைத்து, இன்னாருடையது, இந்த ஆண்டு, இந்தச் சுரங்கம் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள்.

டீக்கடை நண்பர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டார். கடைக்காரர் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "போயிட்டு வாங்க சார், அந்தத் தேயிலை கால் கிலோ வாங்கிட்டு வாங்க. பால் ஊத்தாம எப்படி இருக்குன்னு நானும் பாக்கறேன்" என்கிறார்.